எல்லாருக்கும் வேண்டிய அம்மம்மா

வைன் டெலோரியா ஜூனியர் என்று ஒரு எழுத்தாளர் இருந்தார். ஸ்டாண்டிங் ரொக் சூ குடியைச் சேர்ந்தவர். 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பூர்வகுடிகளின் தேசிய அமைப்பொன்றுக்குப் பணிப்பாளராக வேலை செய்தார். அவருடைய கந்தோருக்கு வந்துபோன வெள்ளைக்காரர் பலர் ஒரே கதையைத்தான் சொல்லுவார்களாம்: தங்கட பரம்பரையிலும் பூர்வகுடி இரத்தம் ஓடுது என்று. எந்தக் குடி என்று கேட்டால் அநேகமாக 'செரோக்கி' என்று பதில் வரும். யார் வழியில் என்று கேட்டால் அநேகமாக ஒரு பாட்டி. பாட்டன் இல்லை, பாட்டி. அதிலும் சில பேருக்கு அந்தப் பாட்டி ஒரு இளவரசி.

1969இல் வெளிவந்த தன்னுடைய புத்தகத்தில் டெலோரியா இதை நல்ல பகிடியாக்கி எழுதினார். இந்தக் கதைகளை எல்லாம் நம்பிக் கணக்குப் போட்டால், வெள்ளையர் வந்து முதல் முந்நூறு வருசமும் பூர்வகுடிகளுக்குள் ஆண்களே இருந்திருக்க முடியாது. பிறகு அவரே காரணத்தையும் சொல்கிறார். பூர்வகுடிப் பாட்டன் என்றால் கோடரியோடு நிற்கிற போராளி ஞாபகத்துக்கு வருவான். அவனைச் சொந்தம் என்று சொல்லப் பயம். இளவரசி என்றால் அழகு, மரியாதை, கொஞ்சம் சோகம். அவளால் ஒருத்தருக்கும் பயமில்லை.

செரோக்கிகளிடம் அரசன் இல்லை, அரசி இல்லை. ஆகவே இளவரசியும் இருந்திருக்க வழியில்லை. ஆனால் கதை நிற்கவில்லை. 2010ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிசனத் தொகைக் கணக்கெடுப்பில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்களைச் செரோக்கி என்று பதிந்தார்கள். மத்திய அரசு அங்கீகரித்த செரோக்கிக் குடிகள் மூன்று: ஒக்லஹோமாவில் இரண்டு, வடகரோலினாவில் ஒன்று. அந்த மூன்றினதும் குடிமக்களை ஒன்றாகக் கூட்டினாலும் அப்போது அந்தத் தொகை வராது.

இத்தனை பேருக்கு வேண்டியிருக்கிற இந்தப் பாட்டி உண்மையில் யார்? எப்படி வாழ்ந்தாள், எதை இழந்தாள், எதை ஞாபகம் வைத்திருந்தாள்? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

வீடு அவளுடையது

செரோக்கி மொழியில் தாயின் தாயை 'எலிசி' என்பார்கள். எங்களுக்கு இதை விளங்கிக்கொள்ளக் கஷ்டமில்லை. நாங்களும் அம்மம்மா வேறு, அப்பம்மா வேறு என்று பிரித்துச் சொல்லுகிறவர்கள்தான். ஆனால் செரோக்கிகளிடம் அந்தப் பிரிப்புக்குப் பின்னால் ஒரு முழுச் சட்டமே இருந்தது.

செரோக்கிகளுக்கு ஏழு குலங்கள். பிள்ளை தாயின் குலம். தகப்பன் எவ்வளவு அன்பானவனாக இருந்தாலும் குலக் கணக்கில் அவன் வேறு வீட்டான். பிள்ளையை வளர்க்கிற, கண்டிக்கிற உரிமை தாய்மாமனுக்கு. கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருக்கவேணும். வீடும் தோட்டமும் அவளுடையவை. ஒத்துவராவிட்டால் அவனுடைய சாமான்கள் வெளியில் வந்துவிடும்; அவன் தன்னுடைய தாய் வீட்டுக்குத் திரும்பிப் போவான். குலம் இல்லாதவர் செரோக்கியே இல்லை. அந்தக் குலத்தைக் கொடுக்கிறவள் தாய், அவளுக்குக் கொடுத்தவள் அவளுடைய தாய்.

சோளம், அவரை, பூசணி மூன்றையும் பயிரிட்டது பெண்கள். ஆண்கள் வேட்டைக்கும் சண்டைக்கும் போனார்கள். அவர்களுடைய பழங்கதையில் சோளத்தைத் தந்தவளும் ஒரு தாய்தான். அவள் பெயர் செலு. ஒவ்வொரு நாளும் களஞ்சிய அறைக்குள் போய்க் கூடை நிறையச் சோளத்தோடு வருவாள். எங்கிருந்து எடுக்கிறாள் என்று பிள்ளைகள் ஒளித்திருந்து பார்க்கிறார்கள். அவள் தன்னுடைய வயிற்றைத் தேய்க்கத் தேய்க்கச் சோளம் கொட்டுகிறது. இவள் சூனியக்காரி என்று பயந்து அவளைக் கொல்ல முடிவெடுக்கிறார்கள். அவளுக்கு அது தெரியும். தெரிந்தும், தான் செத்த பிறகு தன்னுடைய உடலை நிலத்தில் எப்படி இழுக்கவேணும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் சாகிறாள். அவளுடைய இரத்தம் விழுந்த இடமெல்லாம் சோளம் முளைத்தது. பிள்ளைகள் பஞ்சிப்பட்டுச் சில இடங்களை மட்டும் துப்புரவாக்கியதால்தான் உலகமெங்கும் சோளம் முளைப்பதில்லையாம்.

இந்தச் சமூகத்தில் ஒரு பெண் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நான்யேஹியின் வாழ்க்கை சாட்சி. ஆங்கில ஏடுகளில் அவருக்கு நான்சி வார்ட் என்று பெயர். 1738ஆம் ஆண்டளவில் சோட்டா என்ற ஊரில், இன்றைய டெனிசி மாநிலத்தில் பிறந்தவர். 1755இல் கிரீக் குடியினரோடு நடந்த சண்டைக்குப் புருசனோடு போனார். புருசன் களத்திலேயே செத்துப்போக, அவனுடைய துவக்கைத் தூக்கிக்கொண்டு சண்டையைத் தொடர்ந்தவர் இவர். அப்போது இவருக்குப் பதினேழு வயது இருக்கும். அதற்குப் பிறகு 'கிகாவு' என்ற பட்டம் கிடைத்தது. 'எல்லாருக்கும் பிரியமான பெண்' என்று அதைச் சொல்லலாம். அது வெறும் மரியாதைப் பட்டமில்லை. பெரிய சபையில் இருந்து பேசலாம், வாக்களிக்கலாம். பிடிபட்டவர்களைக் கொல்லுவதா விடுவதா என்பதையும் தீர்மானிக்கலாம்.

1776இல் லிடியா பீன் என்ற வெள்ளைக் குடியேற்றக்காரி பிடிபட்டு எரிக்கப்பட இருந்தபோது நான்யேஹி அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தினார். அவளைக் காப்பாற்றி வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவளிடம் துணி நெய்யவும் பால் கடைந்து வெண்ணெய் எடுக்கவும் பழகிக்கொண்டார். 1781இல் அமெரிக்கர்களோடு சமாதானம் பேசப் போனபோது செரோக்கிகளுக்காக எழும்பிப் பேசியவர்களில் இவரும் ஒருவர். எதிர்ப் பக்கத்தில் ஒரு பெண்ணும் இல்லை. இது செரோக்கிகளுக்குப் புதினமாகத் தெரிந்தது. நான்யேஹியின் மாமனான அட்டகுல்லகுல்லா 1750களிலேயே ஆங்கில அதிகாரிகளைப் பார்த்து இதைக் கேட்டிருக்கிறார்: உங்களுடைய பெண்கள் எங்கே, ஏன் ஆண்கள் மட்டும் வந்திருக்கிறீர்கள் என்று.

நான்யேஹியைப் பற்றிச் சொல்லும்போது மறைக்கக்கூடாத இன்னொரு விசயமும் இருக்கு. அவருடைய வீட்டில் கறுப்பின அடிமைகள் இருந்தார்கள். செரோக்கிகளுக்குள் வசதியானவர்கள் தென் மாநிலத்து வெள்ளையர்களைப் பார்த்து அடிமை முறையையும் எடுத்துக்கொண்டார்கள். 1835இல் எடுத்த கணக்கில் செரோக்கி நாட்டுக்குள் சுமார் 1,600 அடிமைகள் இருந்தார்கள். இதற்குப் பிறகு திரும்பி வருவோம்.

முதலில் போனது நிலம் இல்லை

நிலம் பறிபோன கதைதான் எல்லாரும் சொல்லும் கதை. அதற்கு முன்பே இன்னொன்று பறிபோனது. அதைக் கவனிக்கிற ஆக்கள் குறைவு.

அமெரிக்க அரசாங்கம் செரோக்கிகளை 'நாகரிகப்படுத்த' முயன்றபோது ஒரு திட்டம் வைத்திருந்தது. ஆண்கள் வேட்டையை விட்டுக் கலப்பை பிடிக்கவேணும். பெண்கள் தோட்டத்தை விட்டு வீட்டுக்குள் இருந்து நூல் நூற்கவேணும். அதாவது பெண்ணின் கையில் இருந்த தோட்டம் ஆணின் கைக்குப் போகவேணும். செரோக்கித் தலைவர்கள் சிலரும் இதை ஏற்றார்கள். வெள்ளையர் மாதிரி எழுதப்பட்ட சட்டமும் அரசியலமைப்பும் வைத்திருந்தால், தங்களையும் ஒரு நாடு என்று மதித்து நிலத்தை விட்டுவைப்பார்கள் என்று நம்பினார்கள்.

1808இல் வந்த சட்டம் தகப்பனின் சொத்துக்கு அவனுடைய மனைவியையும் பிள்ளைகளையும் வாரிசாக்கியது. எங்களுக்கு இது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் தாய்வழிக் குலத்துக்குள் தகப்பன் வழிச் சொத்து முதல்முறையாக எழுத்தில் நுழைந்தது அப்போதுதான். 1819இல், வெள்ளைக்காரனைக் கட்டிய செரோக்கிப் பெண்ணின் சொத்தை அவன் விற்க முடியாது என்று இன்னொரு சட்டம் வந்தது. பழைய வழக்கம் முழுதாகச் சாகவில்லை என்பதற்கு அது அடையாளம். ஆனால் 1827இல் எழுதிய அரசியலமைப்பு வாக்குரிமையைச் சுதந்திரமான ஆண்களுக்கு மட்டும் கொடுத்தது. கறுப்பின வம்சத்தவருக்கும் அதில் இடமில்லை. கிகாவு உட்கார்ந்து வாக்களித்த சபையில் இனி எந்தப் பெண்ணுக்கும் வாக்கில்லை.

நான்யேஹி அதைப் பார்க்கவில்லை. 1817இல், எண்பது வயதை நெருங்கிய காலத்தில், அவரும் வேறு பெண்களும் சேர்ந்து செரோக்கித் தலைவர்களுக்கு ஒரு மனு அனுப்பினார்கள். இனிமேல் ஒரு துண்டு நிலமும் கொடுக்கவேண்டாம் என்பதுதான் மனுவின் சாரம். அவர்கள் கேட்டது பெண்களாக அல்ல, தாய்மாராக. உங்களைப் பெற்று இந்த நிலத்தில் வளர்த்தவர்கள் நாங்கள், ஆகவே இதில் எங்களுக்குச் சொல்லு உண்டு என்ற உரிமையோடு கேட்டார்கள். இரண்டே வருசத்தில், 1819 ஒப்பந்தத்தில், இன்னும் பெரிய நிலப்பரப்புப் போனது. நான்யேஹியும் தெற்கே ஒகோயி ஆற்றங்கரைக்குப் பெயரவேண்டி வந்தது. அங்கே வழிப்போக்கருக்கான விடுதி ஒன்றை நடத்தினார். அந்தப் பக்கத்து ஆக்களுக்கு அவர் கடைசியில் 'வார்ட் பாட்டி' ஆனார். 1822இல் காலமானார்.

படுக்கையும் பானையும்

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1821இல் செக்வோயா செரோக்கி மொழிக்கு எழுத்து உருவாக்கி முடித்தார். 1828இல் செரோக்கிகளின் சொந்தப் பத்திரிகை வந்தது. அதே காலத்தில் ஜோர்ஜியாவில் அவர்களுடைய நிலத்தில் தங்கம் கிடைத்தது. 1830இல் ஜனாதிபதி அன்ட்ரூ ஜக்சன் 'இந்தியர் அகற்றல் சட்டத்தில்' கையொப்பமிட்டார். 1832இல் உயர் நீதிமன்றம் செரோக்கிகளின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஜோர்ஜியா அதைக் கணக்கிலெடுக்கவில்லை. அவர்களுடைய காணிகளை லொத்தர் போட்டு வெள்ளையருக்குக் கொடுத்தது. 1835 டிசம்பரில் ஒரு சிறு குழு, தலைவர் ஜோன் ரொஸ்ஸின் சம்மதமில்லாமல், ஐந்து மில்லியன் டொலருக்கு முழு நாட்டையும் கொடுத்து ஒப்பந்தம் போட்டது. இது செல்லாது என்று பதினையாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயரோடு மனுப் போனது. செனட் சபை அதைப் பொருட்படுத்தவில்லை. தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் கிடைக்க, ஒப்பந்தம் நிறைவேறியது.

1838 மே மாதக் கடைசியில் ஜெனரல் வின்பீல்ட் ஸ்கொட்டின் தலைமையில் ஆயிரக்கணக்கான படையினர் வீடு வீடாகப் போனார்கள்.

அந்த வீடுகளில் ஒன்றில் மூன்று நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவள் நூறு வயதை நெருங்கியபோது, 1930களின் தொடக்கத்தில், கிராண்ட் போர்மன் என்ற வரலாற்றாசிரியர் அவளைத் தேடிப்போய்க் கேட்டு எழுதினார். ரெபேக்கா நியூஜின் என்பது அவர் பெயர். எங்கட ஊர் முறையில் சொன்னால் ரெபேக்கா ஆச்சி.

ஆச்சி சொன்ன கதை இதுதான். படையினர் வந்தபோது தகப்பன் சண்டை பிடிக்கத்தான் பார்த்தார். தாய் மறித்தார்: சண்டை பிடித்தால் கொன்றுவிடுவார்கள். எதிர்க்காமல் வெளியே வந்தார்கள். மற்றக் கைதிகளோடு மரவேலி அடைத்த முகாமுக்குச் சாய்த்துக்கொண்டு போகும்போது தாய் கெஞ்சிக் கேட்டார், திரும்பிப் போய்ப் படுக்கை விரிப்புகளை எடுத்துவர விடச்சொல்லி. விட்டார்கள். அவர் போய், தன்னால் சுமக்கக்கூடிய அளவு விரிப்பும் கொஞ்சம் சமையல் பாத்திரமும் எடுத்துவந்தார். மற்றதெல்லாம் வீட்டோடு போனது.

பிறகு பயணம். தகப்பனிடம் எருதுகள் பூட்டிய வண்டி இருந்தது. அதில் பிள்ளைகளும், கூட வந்த விதவைப் பெண்கள் இரண்டு மூன்று பேரும் அவர்களுடைய பிள்ளைகளும் ஏறினார்கள். மூத்த தமையன் நீளச் சவுக்கோடு வழியெல்லாம் எருதுகளை ஓட்டினான். தாயும் தகப்பனும் முழுத் தூரமும் நடந்தார்கள். கொடுத்த உப்பிட்ட பன்றி இறைச்சியைத் தின்று தின்று எல்லாருக்கும் அலுத்துப்போனது. தகப்பன் வழியில் காட்டுக்குள் இறங்கி வான்கோழியும் மானும் வேட்டையாடி வருவார். தண்ணீர் உள்ள இடமாகப் பார்த்துப் பொழுதுபடத் தங்குவார்கள். அப்போது மற்றக் குடும்பங்கள் வரும். அவர்களுக்குப் பாத்திரம் எடுக்க நேரம் கொடுக்கப்படவில்லை. ஆச்சியின் தாய் சுமந்துவந்த பானை சட்டியை வாங்கித்தான் சமைத்தார்கள். நோய் பரவியது. குக்கல் இருமலில் நிறையக் குழந்தைகள் செத்துப்போனார்கள்.

இவ்வளவுதான். இளவரசி இல்லை, மந்திரம் இல்லை, காற்றோடு பேசுகிற கிழவியும் இல்லை. படுக்கை, பானை, பன்றி இறைச்சி, இருமல்.

பதின்மூன்று குழுக்கள் 1838 இலையுதிர் காலம் தொடங்கி 1839 மார்ச் வரை அப்படி நடந்தன. சில குழுக்கள் மிசிசிப்பி ஆற்றில் பனிக்கட்டி மிதந்ததால் கடக்க முடியாமல் நடுக்குளிருக்குள் காத்துக் கிடந்தன. ஆயிரம் கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வழி. சுமார் 16,000 பேர் அகற்றப்பட்டார்கள். முகாம்களிலும் வழியிலும் சுமார் 4,000 பேர் இறந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. இந்தத் தொகையைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் வாதம் இருக்கு. தலைவர் ரொஸ்ஸின் மனைவியும் வழியில்தான் இறந்தார். இந்தப் பாதைக்குத்தான் கண்ணீர்ப் பாதை என்று பெயர். அடிமைகளும் அதே பாதையில்தான் நடந்தார்கள்.

ஒவ்வொரு குழுவுக்கும் அதிகாரபூர்வக் கணக்கு உண்டு. எத்தனை வண்டி, எத்தனை குதிரை, எத்தனை பேர் புறப்பட்டார்கள், எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று எழுதி வைத்தார்கள், ஏனென்றால் அதற்குக் காசு கொடுக்கவேண்டி இருந்தது. ஒரு பானையில் எத்தனை குடும்பம் மாறி மாறிச் சமைத்தது என்று அந்தக் கணக்கில் இல்லை. அது ஆச்சியிடம் மட்டும்தான் இருந்தது.

மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவும் ஞாபகம் இருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதில் பாதியாவது தாய் பிறகு திரும்பத் திரும்பச் சொன்னதாகத்தான் இருக்கும். எங்களுக்கு அது கதையின் பலவீனமாகத் தெரியவில்லை. தகப்பனை மறித்தது யார், கெஞ்சிக் கேட்டது யார், சுமந்தது யார் என்பதெல்லாம் தொண்ணூறு வருசம் அழியாமல் இருந்ததென்றால், ஒரு தாய் தன்னுடைய மகளுக்கு அதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். சட்டம் தாய்வழியைக் கைவிட்ட பிறகும் ஞாபகம் தாய்வழியாகத்தான் போயிருக்கு.

இரண்டாம் முறை

ஒக்லஹோமாவுக்குப் போனதோடு கதை முடியவில்லை. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட முக்கியமான மூன்று பேர் 1839 ஜூனில் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள். அந்தப் பகை வருசக்கணக்காகத் தொடர்ந்தது. அதற்குள்ளேயும் டாலக்வாவில் தலைநகர் அமைத்தார்கள். 1851இல் பெண் பிள்ளைகளுக்கென்று உயர்கல்விக்கூடம் ஒன்றைத் திறந்தார்கள். அகற்றப்பட்டு வந்து பன்னிரண்டே வருசம். ஆனால் அங்கே ஆங்கிலமும் இலத்தீனும் படிப்பித்தார்கள், செரோக்கி மொழி படிப்பிக்கவில்லை. ஒரு பக்கம் பெண்ணுக்குப் படிப்பு வந்தது, மறுபக்கம் அம்மம்மாவின் மொழி வகுப்புக்கு வெளியே நின்றது.

பிறகு நிலம் இரண்டாம் முறை பறிபோனது. இந்த முறை துவக்கோடு வரவில்லை, பதிவேட்டோடு வந்தார்கள். செரோக்கிகளின் நிலம் அதுவரை எல்லாருக்கும் பொது. 1890களில் டோஸ் ஆணைக்குழு வந்து ஒவ்வொருவரையும் பெயர் பெயராகப் பதிந்து நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தது. மிச்ச நிலம் மற்றவர்களுக்குத் திறந்தது. பிரித்துக் கொடுத்த துண்டுகளிலும் நிறையக் கடனாலும் மோசடியாலும் கைமாறின. 1907இல் ஒக்லஹோமா மாநிலமானது.

ரெபேக்கா ஆச்சி இவ்வளவையும் பார்த்தவர். அவருடைய கதையை எழுதிய போர்மனும் அந்த ஊருக்கு முதலில் வரலாறு எழுத வரவில்லை. 1899இல் டோஸ் ஆணைக்குழுவின் சட்டத்தரணியாக வந்தவர். நிலத்தைப் பிரித்த அலுவலில் இருந்தவர்தான் பிறகு கிழவர் கிழவிகளைத் தேடிப்போய், நிலம் எப்படி இருந்தது என்று கேட்டு எழுதினார். அவர் எழுதியிருக்காவிட்டால் ஆச்சியின் பானையைப் பற்றி எங்களுக்குத் தெரிந்திருக்காது. இரண்டும் உண்மைதான்.

கள்ளப் பாட்டியும் கணக்கில் வராத பாட்டியும்

1976இல் ஒரு புத்தகம் வந்தது. பெயர் 'லிட்டில் ட்ரீயின் கல்வி'. ஆசிரியர் பெயர் பொரஸ்ட் கார்ட்டர். தாய் தகப்பனை இழந்த பொடியன் ஒருவனை டெனிசி மலைக்காட்டில் செரோக்கிப் பாட்டியும் பாட்டனும் வளர்க்கிறார்கள். அன்பான பாட்டி, அறிவான பாட்டி, இயற்கையோடு இயற்கையாக வாழ்கிற பாட்டி. சொந்த வாழ்க்கைக் கதை என்று விற்றார்கள். இலட்சக்கணக்கில் விற்றது, பள்ளிக்கூடங்களில் படிப்பித்தார்கள், 1997இல் படமாகவும் வந்தது.

ஆசிரியரின் உண்மைப் பெயர் ஏசா கார்ட்டர். கூ க்ளக்ஸ் க்ளானோடு இருந்தவர். அலபாமா ஆளுநர் ஜோர்ஜ் வொலஸுக்கு, கறுப்பினத்தவரை நிரந்தரமாகப் பிரித்து வைக்கவேணும் என்ற 1963ஆம் ஆண்டுப் பதவியேற்பு உரையை எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர். இந்த உண்மை 1976லேயே ஒருமுறை பத்திரிகையில் வந்தது. ஒருத்தரும் பெரிதாக எடுக்கவில்லை. 1991இல் திரும்பவும் வெளியே வந்தபோது புத்தகத்தை உண்மைக் கதைப் பட்டியலிலிருந்து புனைகதைப் பட்டியலுக்கு மாற்றினார்கள். புத்தகம் விற்பது நிற்கவில்லை.

இனவெறி பிடித்த ஒருவர் தனக்கு ஒரு செரோக்கிப் பாட்டியைக் கற்பனை செய்ததில் எங்களுக்கு முரண்பாடு தெரியவில்லை. டெலோரியா சொன்ன இளவரசிதான் அவள். அவள் நிலம் கேட்கமாட்டாள், வாக்குக் கேட்கமாட்டாள், லொத்தரில் போன காணியைப் பற்றிக் கதைக்கமாட்டாள். அவளை நேசிக்கிறதுக்கு ஒரு செலவும் இல்லை.

இதற்கு நேரெதிரான இன்னொரு பாட்டியும் இருந்தாள். செரோக்கிகளின் அடிமைகளாக இருந்து அதே கண்ணீர்ப் பாதையில் நடந்தவர்களின் வழிவந்தவள். 1866ஆம் ஆண்டு ஒப்பந்தம் விடுதலையானவர்களுக்கும் அவர்களுடைய வம்சத்துக்கும் செரோக்கிகளுக்கு உள்ள எல்லா உரிமையையும் கொடுத்தது. ஆனால் டோஸ் பதிவேட்டில் அவர்களைப் புறம்பான பட்டியலில் போட்டார்கள். அந்தப் பட்டியலைக் காட்டி 2007இல் செரோக்கி நாடு வாக்கெடுப்பு நடத்தி அவர்களுடைய குடியுரிமையை நீக்கியது. வழக்குப் பத்து வருசம் இழுபட்டு, 2017இல் மத்திய நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2021இல் செரோக்கி உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பிலிருந்து 'இரத்தவழி' என்ற சொல்லையே எடுத்துவிட்டது.

ஒரு பக்கம், பாட்டி இருந்தாளா என்றே தெரியாமல் இலட்சக்கணக்கானவர்கள் செரோக்கி என்று பதிகிறார்கள். மறுபக்கம், பாட்டியின் பெயர் பதிவேட்டில் இருந்தும் பேரப்பிள்ளைகள் நீதிமன்றப் படி ஏறவேண்டி இருந்தது. செரோக்கிகளுக்கு நடந்த அநியாயத்தைப் பேசுகிற நாங்கள், செரோக்கிகள் செய்த அநியாயத்தை விட்டுவிட்டுப் பேசினால் அது அந்த அம்மம்மாக்களை ஞாபகம் வைத்திருப்பது ஆகாது.

இப்போது

1985இல் வில்மா மன்கில்லர் செரோக்கி நாட்டின் முதல் பெண் முதன்மைத் தலைவரானார். அதற்கு இரண்டு வருசத்துக்கு முன் துணைத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டபோது, பெண் தலைவராவது எங்கட வழக்கம் இல்லை என்று செரோக்கிகளே எதிர்த்தார்கள். வாகன ரயரைக் கிழித்தார்கள், கொல்லுவோம் என்று மிரட்டினார்கள். நான்யேஹியின் சபையை அவர்கள் மறந்து நூற்றைம்பது வருசம் ஆகியிருந்தது. வெளியிலிருந்து வந்த வழக்கம் அதற்குள் சொந்த வழக்கமாகிவிட்டது. மன்கில்லர் அந்தப் பழைய வரலாற்றைத்தான் எடுத்துக் காட்டினார். அவர் பெயர் வாங்கியது பெல் என்ற சின்ன ஊரில். அங்கே வீட்டுக்குத் தண்ணீர் இல்லாத குடும்பங்களைச் சேர்த்து அவர்களுடைய கையாலேயே இருபத்தைந்து கிலோமீற்றர் குழாய் போடவைத்தவர் அவர்.

இந்த வரலாற்றை விரிவாக வாசிக்க விரும்புகிறவர்களுக்கு தீடா பெர்டூ எழுதிய 'செரோக்கிப் பெண்கள்' (1998) என்ற ஆங்கில நூலைச் சொல்லுவோம். பெண்கள் இழந்ததை மட்டும் சொல்லாமல், விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததையும் சொல்லுகிற நூல்.

2019ஆம் ஆண்டளவில் செரோக்கி மொழியைப் பிறந்ததிலிருந்து பேசுகிறவர்கள் சுமார் இரண்டாயிரம் பேர் இருந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். 2019இல் மூன்று செரோக்கிக் குடிகளும் சேர்ந்து மொழிக்கு அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்தின. 2020 டிசம்பரில் கொரோனாத் தடுப்பூசி வந்தபோது செரோக்கி நாடு எடுத்த முடிவு எங்களை நிறைய நேரம் யோசிக்க வைத்தது: வைத்தியசாலைப் பணியாளர்களோடு சேர்த்து, மொழி பேசுகிற மூத்தவர்களுக்கும் முதல் வரிசையிலேயே ஊசி போட்டார்கள்.

அந்த வரிசையில் நின்ற ஒவ்வொரு எலிசியிடமும் பானையைப் போன்ற ஏதாவது ஒரு கதை இருக்கும். இந்த முறை அவர்கள் அதைத் தங்கட மொழியிலேயே, தங்கட பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னும் கொஞ்சக் காலம் கிடைச்சிருக்கு.